கிளெண்டா ஜாக்சன் - மேடை, நாடாளுமன்றம், மீண்டும் மேடை

நடிகர்கள் அரசியலுக்கு வருவது உலகில் புதிதல்ல. ஆனால் புகழோடு இருந்தபோதே நடிப்பை விட்டுவிட்டு, 23 ஆண்டுகள் மக்கள் பிரதிநிதியாக உழைத்து, பிறகு 80 வயதில் மேடைக்குத் திரும்பி வென்றவர்கள் மிக அரிது. அப்படி ஒருவர்தான் இங்கிலாந்து நடிகை கிளெண்டா ஜாக்சன்.

1936-ல் பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். தந்தை கொத்தனார். பள்ளிப் படிப்பை முடித்ததும் பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னர் உதவித்தொகை பெற்று லண்டனின் 'ராடா' நாடகக் கல்லூரியில் சேர்ந்தார். படித்து முடித்தவுடன் புகழ் வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் சிறு நாடகக் குழுக்களில் நடித்தார். வேடம் கிடைக்காதபோது கிடைத்த வேலையைச் செய்தார்.

ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் இயக்குநர் பீட்டர் புரூக் 1964-ல் அரங்கேற்றிய 'மாரா/சாட்' நாடகம் அவரை உலகுக்குக் காட்டியது. 'விமன் இன் லவ்', 'எ டச் ஆஃப் கிளாஸ்' ஆகிய படங்களுக்காக 1971-லும் 1974-லும் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. இரண்டு முறையும் அவர் விழாவுக்கே போகவில்லை! 1971-ல் பிபிசி ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' தொடரில் அரசி முதலாம் எலிசபெத்தாக, இளமை முதல் முதுமை வரை வாழ்ந்து காட்டினார். அந்த வேடத்துக்காக முன்தலையை மழித்துக்கொண்டார்.

1992-ல் தொழிற்கட்சி சார்பில் லண்டனின் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியில் வென்றார். 1997 முதல் 1999 வரை போக்குவரத்துத் துறையில் இணை அமைச்சராக இருந்தார். ஈராக் போர் விஷயத்தில் சொந்தக் கட்சிப் பிரதமர் டோனி பிளேரையே எதிர்த்தார். 2010 தேர்தலில் அவர் வென்றது வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில்! ஆஸ்கார் நடிகை என்பதற்காக யாரும் வாக்கை அள்ளித் தரவில்லை.

2015-ல் நாடாளுமன்றத்தை விட்டு விலகினார். வயது 78. இனி ஓய்வுதான் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 2016-ல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் லியர் மன்னனாகவே நடித்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் நாடகம், ஆண் வேடம், மனம் சிதையும் கிழவனின் பாத்திரம். விமர்சகர்கள் வியந்து பாராட்டினார்கள். 2018-ல் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக அமெரிக்காவின் டோனி விருதும் வந்து சேர்ந்தது.

2023 ஜூன் 15 அன்று 87-வது வயதில் மறைந்தார். மைக்கேல் கெய்னுடன் நடித்த கடைசிப் படம் 'தி கிரேட் எஸ்கேப்பர்' அதன் பிறகே வெளியானது. புகழை விட்டுக்கொடுத்தாலும் கற்ற தொழில் கைவிடாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.