ரஜூலா: ஒரு கப்பலின் கொள்ளளவை யார் தீர்மானித்தார்கள்?

ஒரு பயணிகள் கப்பலில் எத்தனை பேர் செல்லலாம் என்பது பொறியியல் வினாவாகவே தோன்றும். தமிழர் புலம்பெயர்வோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த ‘ரஜூலா’வின் வரலாறோ, சட்டமும் வணிகமும் சேர்ந்தே அவ்வினாவுக்கு விடையளித்தன என்பதைக் காட்டுகிறது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் ரஜூலா கட்டப்பட்டது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் செல்வது அதன் வழித்தடம். அதன் மொத்தப் பதிவு அளவு ஏறத்தாழ 8,500 டன். அட்லாண்டிக்கில் ஓடிய மாரிடேனியா (1907) ஏறத்தாழ 32,000 டன் அளவுடையது. அதில் சென்ற பயணிகள் ஏறத்தாழ 2,200 பேர். அதனினும் நான்கு மடங்கு சிறிய ரஜூலாவிலோ, தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட ‘டெக்’ பயணிகள் மட்டுமே 5,000க்கும் மேற்பட்டோர்.

இது இயன்றது எவ்வாறு? விடை வடிவமைப்பில் உள்ளது. அறைகள் சிலருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டன. சரக்கு அறைகளுக்கு மேலிருந்த இடைத்தளங்கள் தடுப்பின்றித் திறந்த வெளிகளாக விடப்பட்டன. டெக் பயணி விலைகொடுத்துப் பெற்றது படுக்கையை அன்று. பாய் விரிக்கும் அளவுக்கான தரைப்பரப்பை மட்டுமே. பயணிகள் குறைந்தால் அதே தளத்தில் சரக்கை ஏற்றலாம். கங்காணி முறையில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட காலத்தில், ஏறியும் இறங்கியும் வந்த தொழிலாளர் எண்ணிக்கைக்கு இத்தகைய நெகிழ்வு நிறுவனத்துக்கு இலாபகரமாக இருந்தது.

சட்டமும் இதற்கு இடமளித்தது. டைட்டானிக் விபத்தைத் தொடர்ந்து உருவான கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை 1929இல் புதுப்பிக்கப்பட்டபோது, படுக்கையற்ற பயணிகளைப் பெருந்திரளாக ஏற்றும் கப்பல்களுக்கு அதன் முழு விதிகளிலிருந்தும் விலக்குப் பெற வழி வைக்கப்பட்டது. அவற்றுக்கென 1931இல் சிம்லா விதிகள் தனியே வகுக்கப்பட்டன. ஹஜ் பயணிகளும் இந்தியத் தொழிலாளர்களும் செல்லும் கப்பல்களுக்கு ஓர் அளவுகோல், பிறருக்கு வேறோர் அளவுகோல் என்னும் வேறுபாடு இவ்வாறு எழுத்து வடிவம் பெற்றது.

இன்றைய உல்லாசக் கப்பலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2024இல் சேவைக்கு வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஏற்றக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ 7,600 பயணிகள். கப்பலின் மொத்த உள்வெளியைப் பயணிகளுக்குப் பகிர்ந்தால், அதில் ஒருவருக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் கிடைக்கும். ரஜூலாவிலோ, இயந்திர அறையையும் சரக்கறையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 5 கன மீட்டருக்கும் குறைவு. அளவை முறைகள் வேறுபட்டவை என்பதை ஏற்றாலும் இந்த இடைவெளி மறையாது. ஐகானின் எடைமிக்க இயந்திரங்கள் கீழே தங்கி நிலைத்தன்மை தர, பயணிகள் நீர்மட்டத்துக்கு மேல் அடுக்கடுக்காக வாழ்கின்றனர். தீ பரவாதிருக்கக் கப்பலின் நீளம் முழுவதும் தடுப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அங்கே பயணி வடிவமைப்பின் தொடக்கப்புள்ளி. ரஜூலாவில் அவர் எஞ்சிய இடத்தை நிரப்பியவர்.

படுக்கையற்ற பயணிகளுக்கான புதிய உடன்படிக்கை 1971இலும், ஒவ்வொருவருக்கும் உரிய இடப்பரப்பை வரையறுக்கும் நெறிமுறை 1973இலும் ஏற்கப்பட்டன. ரஜூலாவும் 1973இல் ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் பின் அத்தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’, பிரெஞ்சுக் கப்பலாகப் பிறந்து இந்தியக் கப்பல் கழகத்தால் வாங்கப்பட்டது. அதில் பயணிகளுக்குப் படுக்கைகள் இருந்தன. எனினும் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பணி முடிந்தது.

புலம்பெயர்வு ஆய்வுகள் பெரும்பாலும் பயணிகளின் எண்ணிக்கைப் பட்டியல்களிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வெண்களைக் கப்பலின் தள வரைபடங்களோடு சேர்த்து வாசிக்கும்போதுதான், நாகப்பட்டினத்தில் ஏறிய ஒருவருக்குப் பினாங்கு சேரும்வரை எவ்வளவு இடம் இருந்தது, அதனை யார் போதுமென முடிவுசெய்தார்கள் என்ற வினாக்கள் எழுகின்றன.