கலந்தாய்வுக்கு முன் வரும் கடிதம்: நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையும் தலித் மாணவர் உரிமையும்

பட்டயப் படிப்பின் இறுதிப் பருவத் தேர்வு முடியும் காலத்தில் பாலிடெக்னிக் மாணவர்களிடையே ஒரு செய்தி பரவுகிறது. இன்ன கல்லூரி பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கான சேர்க்கைக் கடிதங்களை இப்போதே அனுப்பத் தொடங்கிவிட்டது; காத்திருந்தால் இடம் தீர்ந்துவிடும் என்பதே அது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் மாணவருக்கு, இதைச் சரிபார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆகவே இக்கடிதத்தின் சட்டப் பொருளை அறிந்திருப்பது அவசியமாகிறது.

எது சேர்க்கை ஆணை?

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டிலான நேரடி இரண்டாம் ஆண்டு இடங்கள், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடைபெறும் கலந்தாய்வின் மூலமே நிரப்பப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் இது காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி வழியே நடத்தப்படுகிறது. விண்ணப்பம், தரவரிசைப் பட்டியல், கல்லூரித் தெரிவு, ஒதுக்கீட்டு ஆணை என்பதே வரிசை. தரவரிசை வெளியாகுமுன் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எவருக்கும் உறுதியளிக்க எந்தக் கல்லூரிக்கும் அதிகாரமில்லை. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் இக்கலந்தாய்வில்தான் நடைமுறைக்கு வருகின்றன.

அப்படியாயின் முன்கூட்டி வரும் கடிதம் எது? பெரும்பாலும் அது நிர்வாக ஒதுக்கீட்டுக்கான அழைப்பு. தன் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பத் தனியார் கல்லூரிக்கு உரிமை உண்டு. எனவே ஒவ்வொரு கடிதமும் மோசடியன்று. ஆனால் அதை ஏற்பதன் விலையை எவரும் சொல்வதில்லை.

இழப்பு எங்கே?

ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 11.09.2012 நாளிட்ட அரசாணை எண் 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதி திராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மதம் மாறிய ஆதி திராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வகைசெய்தது. இன்று இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஆனால் 2018இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை நெறிமுறைகள், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோரை விலக்கின. கலந்தாய்வில் சேர்ந்திருந்தால் அரசு செலுத்தியிருக்கக்கூடிய கட்டணம், அவசரப்பட்டுக் கையெழுத்திட்டவரின் குடும்பக் கடனாகிறது.

இடம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை குறைவு. முதலாம் ஆண்டில் நிரம்பாத இடங்களும், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 10 விழுக்காடு வரையிலான கூடுதல் இடங்களும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு வருகின்றன. போட்டி கடுமையாக உள்ள அரசுக் கல்லூரிகளிலிருந்து இத்தகைய கடிதம் வராது. கடிதம் அனுப்பி ஆள் தேடும் கல்லூரியிலோ பெரும்பாலும் இடம் காலியாகவே இருக்கும். வதந்தி விற்பது இடத்தையன்று, பதற்றத்தை.

சட்டம் தரும் காப்பு

ஏற்கெனவே பணமும் சான்றிதழும் கொடுத்துவிட்டவர்கள் வழியற்றவர்கள் அல்லர். வகுப்புகள் தொடங்குமுன் விலகும் மாணவருக்கு, 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைச் செலவைக் கழித்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும், அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. கட்டாய நன்கொடை பெறுவதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பொய் வாக்குறுதி தந்து பணம் பறிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் குற்றமாகும்.

வழக்குச் செலவை எண்ணித் தயங்கவும் வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு அளித்தால் போதும்.

கடிதம் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். இது அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? இவ்விடத்துக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்குமா? செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா? விடை எழுத்தில் வரும்வரை அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தையும் கைவிடாதீர்கள். இடஒதுக்கீடு நெடிய போராட்டத்தால் பெற்ற உரிமை. அதை ஒரு வதந்திக்குக் கையளிக்க வேண்டாம்.