போர் கொடுத்த புட்டிங்: மொரப்பூர்ல இருந்து ஒரு ஜவ்வரிசி வரலாறு

போன மாசம் ஒரு கேள்வி வந்துச்சு: "பிரிட்டிஷ்காரங்களோட பழைய டெஸர்ட் ஒண்ணை, க்ளூட்டன் இல்லாம, வீகனா, வீட்டுலயே செய்ய முடியுமா?" முடியும். ரெசிபி அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு உலகப் போர் இருக்கு. இன்னைக்கு எபிசோடு அந்தக் கதைதான்.

நம்ம டெஸர்ட் பேரு சேகோ புட்டிங். சேகோன்னா ஜவ்வரிசி. 1861-ல புத்தகமா வந்த மிஸஸ் பீட்டனோட சமையல் குறிப்புகள்லயே இது இருக்கு. பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை, கூடவே ஜவ்வரிசி. சுட்டு எடுக்கிற தட்டுக்கு மைதா பேஸ்ட்ரி. இதோட நெருங்கின சொந்தம் டாப்பியோகா புட்டிங். பிரிட்டிஷ் ஸ்கூல் பசங்க அதுக்கு வெச்ச பட்டப்பேரு "தவளை முட்டை".

இங்கிலாந்துல ஜவ்வரிசி விளையாது. சேகோங்கிற வார்த்தையே மலாய் மொழியில இருந்து போனது. அந்தப் பக்கத் தீவுகள்ல வளர்ற ஒரு பனை வகையோட தண்டுக்குள்ள இருக்கிற மாவுதான் அசல் சேகோ. அப்புறம் மரவள்ளி மாவுலயும் அதே மாதிரி உருட்ட ஆரம்பிச்சாங்க. இந்தியாவுக்கும் மலேயா பக்கத்துல இருந்துதான் கப்பல்ல வந்துச்சு.

இப்ப எங்க ஊருக்கு வருவோம். மொரப்பூர், சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவுல இருக்கிற ஸ்டேஷன். 1906-ல இங்க இருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்துல ஒரு குட்டி ரயில் பாதை போட்டாங்க. பஞ்சம் வந்தா தானியம் உள்ள போய்ச் சேரணும்னு போட்ட பாதை அது. 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. 1941-ல, போர்க் காலத்துல, மூடிட்டாங்க. சாப்பாடு கொண்டுபோகப் போட்ட பாதை போரால போச்சு.

அடுத்த வருஷமே கடல் பாதையும் அடைபட்டுச்சு. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுந்துச்சு. மலேயா சரக்கு நின்னுபோச்சு. ஆனா கஞ்சிக்கும் பாயசத்துக்கும் ஜவ்வரிசி வேணும், துணி மில்லுங்களுக்கு ஸ்டார்ச் வேணும். எங்க போறது?

இந்த இடத்துலதான் சேலம் வருது. 1943-ல சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் மாதிரி ஆளுங்க மரவள்ளிக்கிழங்குல இருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. எங்க பக்கம் அதுக்குப் பேரு குச்சிக்கிழங்கு. குச்சியை நட்டா வளரும், மானாவாரியிலயும் தாக்குப்பிடிக்கும். கிழங்கைத் தோல் சீவி, அரைச்சு, பால் எடுத்து, தெளிய விட்டா அடியில மாவு தங்கும். அந்த ஈர மாவைத் துணியில போட்டு ஆட்டினா குட்டிக் குட்டி உருண்டையா திரளும். சல்லடையில சலிச்சு, சட்டியில வறுத்து, வெயில்ல காயப்போடணும். குடிசைத் தொழிலா ஆரம்பிச்சது, சேலம், நாமக்கல், தர்மபுரின்னு பரவுச்சு. 1981-ல சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது.

அதே போர்க் காலத்துல ஐரோப்பாவுல இன்னும் ரெண்டு விஷயம் நடந்துச்சு.

ஒண்ணு, 1944 நவம்பர். இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒரு மரவேலை வாத்தியாரும் அவரோட நண்பர்களும் பாலும் முட்டையும்கூட வேண்டாம்னு தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. "வீகன்"ங்கிற வார்த்தை அப்பதான் பிறந்துச்சு. ரேஷன்ல முட்டை எண்ணி எண்ணிக் கொடுத்த நாட்டுல!

இன்னொண்ணு, 1944-45 குளிர்காலம். நெதர்லாந்துல கொடும் பஞ்சம், ரொட்டியே கிடையாது. வில்லெம் டிக்கேங்கிற குழந்தை டாக்டருக்கு, சீலியாக் நோய் இருக்கிற பிள்ளைங்களுக்குக் கோதுமைதான் எதிரியோன்னு முன்னாடியே ஒரு சந்தேகம். பஞ்சத்துல மத்த பிள்ளைங்க வாடும்போது இந்தப் பிள்ளைங்க தேறினாங்க. ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்துச்சு. 1950-ல இதையே ஆய்வேடா எழுதினாரு. "க்ளூட்டன் ஃப்ரீ"ங்கிற இன்னைய லேபிளுக்கு வேர் அந்தப் பஞ்சத்துல இருக்கு.

இதை நான் ஏன் இவ்வளவு தேடிப் படிச்சேன்னா, எங்க அக்கா பையனுக்கு சீலியாக். விசேஷ வீட்டுல அவனைப் பார்த்து "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது சாமி"ன்னு பாசமா ஊட்ட வர்றவங்க அதிகம். அந்த ஒரு வாய் சிறுகுடல்ல பண்ற சேதம் வெளிய தெரியாது. அவனுக்கு இது டயட் ட்ரெண்ட் இல்லை, வாழ்நாள் வைத்தியம்.

சரி, ரெசிபி. பால், முட்டை, மைதாவுக்கு மாற்று தேடி அலைய வேண்டாம். மலேயாவுல இருந்த பிரிட்டிஷ்காரங்க ஞாயித்துக்கிழமை கறிச் சோத்துக்கு அப்புறம் சாப்பிட்ட புட்டிங்கே சேகோ குலா மெலாக்காதான். ஜவ்வரிசி, தேங்காய்ப்பால், பனைவெல்லம். அவ்வளவுதான்!

ஒரு டம்ளர் நைலான் ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைங்க. ஏழெட்டு டம்ளர் தண்ணி நல்லா கொதிச்சதும் போட்டு, அடிபிடிக்காம கிளறுங்க. நடுவுல வெள்ளைப் புள்ளி மறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆனதும் வடிகட்டி, பச்சைத் தண்ணியில ஒரு அலசு. கிண்ணத்துல அழுத்தி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம். கவுத்தா அப்படியே நிக்கும். மேல உப்பு ஒரு சிட்டிகை போட்ட கெட்டித் தேங்காய்ப்பால், வடிகட்டின பனைவெல்லப் பாகு.

சீலியாக் இருக்கிறவங்களுக்குச் செய்யறீங்கன்னா மூணு விஷயம். மளிகைக் கடையில ரவை அள்ளின அதே கரண்டியில அள்ளித் தர்ற உதிரி ஜவ்வரிசி வேண்டாம், பாக்கெட்டா வாங்குங்க. நம்ம நாட்டுல க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாது. சேமியா வறுத்த வாணலி, சப்பாத்தி மாவு சலிச்ச சல்லடை, ரெண்டையும் ஓரமா வைங்க. வீகனுக்கு இன்னொரு எச்சரிக்கை: தேங்காய்ப்பால் பவுடர் சிலதுல பால் புரதம் சேர்ப்பாங்க. தேங்காய் துருவி நீங்களே பிழிஞ்சா அந்தக் கவலை இல்லை.

செஞ்சு பார்த்துட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. வீட்டுல எல்லாருக்கும் அதே கிண்ணத்துல இருந்தே போடுங்க. தனிச் சாப்பாடு சாப்பிடுற பிள்ளைக்கு அதோட அருமை தெரியும்.