கைத்தையல் தோல் பை: தொடங்குவோர் அறிய வேண்டியவை

தோல் என்று நினைத்து வாங்கிய கைப்பை இரண்டு மூன்று ஆண்டுகளில் மேல்பூச்சு உரிந்து, அலமாரியில் தூள் தூளாக உதிர்வதை நம் வீடுகளில் பலரும் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் தோலே அல்ல. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைப் பொருள். நம் நாட்டுக் காற்றில் உள்ள ஈரம் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடுகிறது. வைத்திருந்தாலும் உரியும், பயன்படுத்தினாலும் உரியும்.

உண்மையான தோலில் கையால் தைத்த பை, பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். அதைச் செய்ய இயந்திரம் தேவையில்லை. ஒரு மேசை, சில கருவிகள், வார இறுதியில் சில மணி நேரம் போதும். தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் பொழுதுபோக்காகத் தொடங்க விரும்புவோருக்கான அடிப்படை விவரங்கள் இங்கே.

தோலை அறிதல்

பச்சைத் தோல் அழுகும். அதை அழுகாமல் ஆக்குவதே பதனிடுதல். கோயில் திருவிழாவில் ஒலிக்கும் உறுமியில் இருப்பது முடி நீக்கி, இழுத்துக் காயவைத்த தோல். அது விறைப்பாக இருக்கும், நனைந்தால் தளர்ந்துவிடும். பைக்கு உதவுவது பதனிட்ட தோல். அதில் இரண்டு வகை முக்கியமானவை.

முதலாவது, மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் தாவரப் பதத் தோல். இது சற்று விறைப்பாகவும் மண் நிறத்திலும் இருக்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும். இதன் ஓரத்தைத் தேய்த்து மினுக்க முடியும் என்பதால் கற்றுக்கொள்வோருக்கு ஏற்றது.

இரண்டாவது, குரோமிய உப்பில் பதனிடும் தோல். மிக விரைவில் தயாராகும், மென்மையாக இருக்கும், நீரை ஓரளவு தாங்கும். உலகில் விற்பனையாகும் தோலில் பெரும்பங்கு இதுதான். இதன் ஓரம் தேய்த்தால் மினுங்காது. சாயம் பூச வேண்டும் அல்லது மடித்துத் தைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலானால் இழை இழையாகத் தெரியும். மேலே பிளாஸ்டிக், கீழே துணி என்று அடுக்காகத் தெரிந்தால் அது செயற்கை. ‘அசல் தோல்’ என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். தோலின் அடிப்பாகத்தைப் பிளந்து, மேலே பிளாஸ்டிக் பூசியதும் அந்த முத்திரையோடு விற்கப்படுகிறது. முடிக்கால்கள் இயற்கையாகத் தெரியும் மேல்பாகத் தோலே உறுதியானது.

நம் வீடுகளுக்கு இன்னொரு கவனமும் தேவை. மாட்டுத் தோல் வேண்டாம் என்போர் ஆட்டுத் தோலைத் தேர்ந்தெடுக்கலாம். அது மெல்லியது, ஆனால் உறுதியானது. முஸ்லிம் நண்பருக்குப் பரிசளிப்பதாக இருந்தால் உள்துணியாக ஒட்டும் தோலையும் கேட்டு வாங்குங்கள். பன்றித் தோலில் முடிக்கால்கள் மூன்று மூன்றாகக் கூடி நிற்கும். அதை வைத்து அடையாளம் காணலாம்.

தமிழர்க்கும் தோலுக்கும் உள்ள உறவு

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் முறை தமிழகத்தில் பழையது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய இந்தத் தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே உலகச் சந்தையில் பெயர். ஆவாரம் செடிக்கு ஆங்கிலத்தில் ‘தோல் பதனிடுபவரின் செடி’ என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னையில் இயங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது.

அதைவிடப் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் பிறப்போடு கட்டிய வேலையாக இருந்தன. செய்தவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பார்வை சஞ்சியோடு கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. அதனால்தான் பிள்ளை ஆயிரம் வெள்ளிக்குத் தோல் பை வாங்கினால் பெருமைப்படும் வீட்டில், அதே பிள்ளை தோலும் ஊசியுமாக உட்கார்ந்தால் “இதற்கா படிக்க வைத்தோம்?” என்ற கேள்வி இன்னும் எழக்கூடும். உறுமிக்கும் தவிலுக்கும் பொட்டு வைத்து வணங்கும் சமூகம், அந்தத் தோலைப் பதப்படுத்திய கைகளுக்கு மட்டும் மரியாதை மறுத்ததில் நியாயம் இல்லை. வேலைக்குச் சாதி இல்லை என்பதை மேடையில் சொல்வதைவிட, வீட்டு மேசையில் தோலை விரித்து வைத்துக் காட்டுவது எளிது.

தேவையான கருவிகள்

கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், வெட்டுவதற்கு அடிப்பலகை, துளைகளைச் சம இடைவெளியில் குறிக்கும் பல் உளி, கொட்டாப்புளி, குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள மெழுகு நூல், ஓரம் சீவும் சிறு உளி, உப்புத்தாள், ஓரம் தேய்க்கும் மரக்கட்டை, பசை. தொடக்கத்தில் விலை உயர்ந்த கருவிப்பெட்டி வேண்டாம். பணத்தைக் கத்திக்கும் பல் உளிக்கும் செலவிடுங்கள்.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்குக் கத்தியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும். இங்கே அது வழுக்கி விரலைக் காயப்படுத்தும். அடிக்கடி தீட்டுங்கள். அளவுகோலைப் பிடிக்கும் கை, கத்தி போகும் பாதையில் இருக்கக் கூடாது. ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள்.

முதல் பை: அளவும் கணக்கும்

முதலில் பழைய சோபா அல்லது சட்டைத் தோலில் தைத்துப் பழகுங்கள். பிறகு ஒரு சிறு தோள் பை செய்யலாம். 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள தோல் போதும்.

முன்பக்கம் 24க்கு 18 சென்டிமீட்டர். பின்பக்கமும் மூடியும் ஒரே துண்டாக 24க்கு 32. பக்கவாட்டையும் அடியையும் சுற்றி வரும் பட்டை 4க்கு 60. தோள் வார் 2க்கு 120. கூட்டினால் 1,680 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்டிமீட்டர் என்பதால் இரண்டு சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தோல் துணிபோல் நேராக இருக்காது. வடுவும் வளைவும் இருக்கும். எனவே மூன்று சதுர அடி வாங்குங்கள். வாருக்கு நீளமான துண்டு கிடைக்காவிட்டால் பருத்திப் பட்டையைப் பயன்படுத்தலாம்.

எல்லாத் துண்டையும் முதலில் அட்டையில் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்துப் பாருங்கள். அட்டையில் தவறு செய்தால் சில காசு நட்டம். தோலில் செய்தால் பல வெள்ளி.

தையல்

ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு இட்டு, பல் உளியால் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை இடுங்கள். பட்டையின் இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் வீதம் தைக்க வேண்டும். மொத்தம் சுமார் 300 துளைகள். தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுங்கள். ஒரு பக்கத்துக்கு 240 சென்டிமீட்டர், ஊசியில் கோக்கக் கொஞ்சம் கூடுதல்.

நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒரே துளையில் வலப்பக்கத்திலிருந்து ஓர் ஊசியும் இடப்பக்கத்திலிருந்து மற்றோர் ஊசியும் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், அதே அழுத்தத்தில் இழுத்தால் தையல் சீராகச் சாயும். குதிரைச் சேணம் தைப்பவர்கள் பயன்படுத்திய முறை இது. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் கழலக்கூடும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றொரு நூல் பிடித்துக்கொள்ளும். முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

பிறகு ஓரத்தின் கூர்மையைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நனைத்து மரக்கட்டையால் வேகமாகத் தேய்த்தால் தாவரப் பதத் தோலின் ஓரம் கண்ணாடிபோல் மினுங்கும்.

ரப்பர் பசையின் ஆவி தலைச்சுற்றல் தரும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி ஒட்டுங்கள். நீரில் கரையும் பசையும் கிடைக்கிறது.

நம் தட்பவெப்பத்தில் பராமரிப்பு

இங்கே தோலுக்கு முதல் எதிரி பூஞ்சணம். பையைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள். பருத்தித் துணிப் பையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் வந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். கடும் வெயிலும் முடியுலர்த்தியும் தோலை வெடிக்கச் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். கறை படியும், நாளடைவில் சிக்கு வாடை வரும். தேன்மெழுகு கலந்த தோல் மெருகு போதும். வளையம், பக்கிள் ஆகியவை பித்தளையாக இருந்தால் துருப்பிடிக்காது.

விற்க நினைத்தால்

பலர் தோலின் விலையை மட்டும் இருமடங்காக்கி விலை சொல்லி நட்டப்படுகிறார்கள். மேற்சொன்ன பையில் ஒரு தையலுக்கு 20 விநாடி என்றாலும் தையலுக்கு மட்டும் 1 மணி 40 நிமிடம் ஆகும். வெட்டுவது, ஒட்டுவது, ஓரம் மினுக்குவது தனி. அந்த நேரத்துக்கும் கூலி போடுங்கள்.

மலேசியாவில் தொழிலாகத் தொடங்கினால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயரில் 60 வெள்ளி.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. அறுந்த பள்ளிப்பை வாரையும் பிய்ந்த கைப்பிடியையும் தூக்கி எறியாமல் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊசியும் மெழுகு நூலும் இருந்தால் இந்த வார இறுதியிலேயே அதிலிருந்து தொடங்கலாம்.