மாதிரித் தொடர்வண்டித் தளப் பாரந்தூக்கிகளின் மின்வழங்கல்

மாதிரித் தொடர்வண்டித் தளப் பாரந்தூக்கிகளின் மின்வழங்கல் என்பது, அளவு குறைத்து அமைக்கப்படும் இரயில் தளங்களில் உள்ள சிறிய பாரந்தூக்கிகள் (கிரேன்கள்) உண்மையாகவே சுமையைத் தூக்கவும், திரும்பவும், இறக்கவும் தேவையான மின்னாற்றலை அவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் முறைகளைக் குறிக்கும். மாதிரித் தளங்களில் காணப்படும் பாரந்தூக்கிகளுள் பெரும்பாலானவை அசையாத காட்சிப் பொருள்களே. இயங்கும் பாரந்தூக்கிக்கும் மிகுந்த மின்சாரம் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு மின்னோடிக்கும் (மோட்டாருக்கும்) ஓரிரு வாட்டு போதுமானது. மின்னோடியின் வேகத்தைக் குறைப்பதும், சுழலும் மூட்டைக் கடந்து மின்னோட்டத்தைக் கொண்டுசெல்வதுமே இதில் கடினமானவை.

வரலாறு

இத்தகைய பாரந்தூக்கிகள் புதியவை அல்ல. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1940இல் 165 என்னும் எண்ணிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் 182 என்னும் எண்ணிலும் மின்காந்தப் பாரந்தூக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொத்தான்கள் கொண்ட தனிப் பெட்டியால் இயக்கப்பட்ட இவை, இரும்புத் துண்டுகளை அள்ளிச் சரக்குப் பெட்டியில் இடக்கூடியவை.

மின்மூலம்

எச்ஓ அளவு (1:87) போன்ற தளங்களின் பழைய நேர்திசை மின்னோட்ட முறையில், தண்டவாளத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0 முதல் 12 வோல்ட்டு வரை மாற்றப்படும். இன்ஜினின் வேகம் அதனைப் பொறுத்ததே. வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் மின்சாரம் இராது. எனவே பாரந்தூக்கியைத் தண்டவாளத்துடன் இணைத்தால், வண்டி ஓடும்போது மட்டுமே அது வேலை செய்யும். சுமை ஏற்றுவதற்கோ வண்டி நின்றாக வேண்டும். இக்காரணத்தால் பாரந்தூக்கிக்கு மாறாத மின்னழுத்தம் தரும் தனி மின்வழங்கி தேவைப்படுகிறது. செருமனியின் மார்க்லின் நிறுவனத்தின் பழைய மின்மாற்றிகளில் விளக்கு முதலிய துணைக்கருவிகளுக்கென 16 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டம் தரும் தனி முனை உண்டு. நேர்திசை மின்னோடியை அதில் இணைக்கும் முன் இடையில் மின்திருத்தி அமைக்க வேண்டும். எம்முறையாயினும் வீட்டு மின்சாரம் மூடிய மின்மாற்றிப் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட வேண்டும்.

வேகக் குறைப்பு

நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் சுமையைத் தூக்கும் ஓர் உண்மைப் பாரந்தூக்கியை எடுத்துக்கொள்வோம். 1:87 அளவில் இது நிமிடத்துக்கு 345 மில்லிமீட்டர் ஆகும். கயிறு சுற்றும் உருளையின் விட்டம் 6 மில்லிமீட்டர் எனில், அது நிமிடத்துக்கு 18 முறை சுழன்றால் போதும். சிறிய மின்னோடியோ 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று அளவில் சுழலக்கூடியது. ஆகவே ஏறத்தாழ 550:1 என்னும் குறைப்பு தேவை. மின்னழுத்தத்தை மட்டும் குறைத்து இதனை அடைய முடியாது. உராய்வினால் மின்னோடி சற்று நேரம் நின்று, பின் திடீரெனத் துள்ளும்.

எனவே பற்சக்கரத் தொடர் இன்றியமையாதது. அதில் ஒரு கட்டமாவது திருகு போன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுழற்றும் வகையினதாக (வார்ம் கியர்) இருப்பது நல்லது. சக்கரத்தால் அத்தண்டைத் திருப்பிச் சுழற்ற இயலாது என்பதால், மின்சாரம் நின்றாலும் சுமை கீழே விழாமல் தொங்கும். எஞ்சிய வேகத்தைத் துடிப்பகலப் பண்பேற்ற முறையில், அதாவது முழு மின்னழுத்தத்தையே விட்டுவிட்டுத் தந்து, சீர்செய்யலாம்.

மின்சாரத்தோடு தொடர்பற்ற ஒரு சிக்கலும் இங்கு உண்டு. அளவு 87இல் ஒரு பங்காகும்போது எடை 87இன் முப்படியில், அதாவது 6,58,503இல் ஒரு பங்காகிறது. 500 கிலோகிராம் எடையுள்ள கொக்கி மாதிரியில் 0.76 கிராமே இருக்கும். நூலின் விறைப்பும் கப்பிகளின் உராய்வும் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆதலால் கொக்கி இறங்காமல் நூல் மட்டும் உருளையில் தளர்ந்து சிக்கும். மின்வழங்கலில் குறை உள்ளதாகப் பலர் தேடுவது இதனையே. பித்தளை அல்லது ஈயத்தால் செய்த, அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள கொக்கியே இதற்குத் தீர்வு.

சுழலும் மூட்டு

சுழற்றும் மின்னோடியைப் பாரந்தூக்கியின் அடித்தளத்திலேயே வைத்துவிடலாம். ஆனால் கயிற்றை இழுக்கும் மின்னோடி, கையை உயர்த்தும் மின்னோடி, மின்காந்தம் ஆகியவை சுழலும் பகுதியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் ஆறு கம்பிகள் மூட்டைக் கடக்க வேண்டும். நேர் 12, எதிர் 12 வோல்ட்டு தரும் இரட்டை மின்வழங்கியைக் கொண்டு ஒரு கம்பியைப் பொதுவாக்கினால் நான்கு போதும்.

பாரந்தூக்கி ஒரு சுற்றுக்குள் மட்டுமே திரும்புமாயின், மெல்லிய கம்பிகளை உள்ளீடற்ற அச்சின் வழியே முறுக்கத்துக்கு இடம்விட்டுச் செலுத்தலாம். தடையின்றிச் சுழல வேண்டுமாயின் நழுவு வளையங்கள் தேவை. காதொலிக் கருவிகளில் பயன்படும் 3.5 மில்லிமீட்டர் செருகியையே அச்சாக அமைப்பது எளிய வழி. அதன் நான்கு தொடர்பு கொண்ட வகை, மேற்கூறிய நான்கு கம்பிகளுக்கும் சரியாகப் பொருந்தும்.

1990களில் அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. சங்கம் தரப்படுத்திய டிசிசி எனப்படும் எண்ணிமக் கட்டுப்பாட்டு முறை இக்கணக்கை மாற்றியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளைகளும் அதன் வழியே துடிப்புகளாகச் செல்லும். அவற்றைப் படித்து மின்னோடிகளை இயக்கும் டிகோடர்களைச் சுழலும் அறைக்குள் வைத்தால், மூட்டைக் கடப்பவை இரண்டே கம்பிகள். தண்டவாளத்தில் ஓடும் மீட்புப் பாரந்தூக்கிகளுக்கும் இது ஏற்றது. எனினும் அழுக்கினால் தொடர்பு நொடிப்பொழுது அறுந்தாலும் டிகோடர் மீளத் தொடங்கும் என்பதால், ஒரு மின்தேக்கியைச் சேர்ப்பது வழக்கம்.

எல்லை நிலைமாற்றிகள்

கொக்கி உச்சியை அடைந்த பின்னும் மின்னோடி ஓடினால் நூல் அறும், அல்லது பற்கள் உடையும். இதனைத் தடுக்க, உச்சியில் தொடப்பட்டதும் சுற்றைத் துண்டிக்கும் நிலைமாற்றி ஒன்று மின்னோடியுடன் தொடராக இணைக்கப்படும். ஆனால் சுற்று துண்டிக்கப்பட்ட பின் கொக்கியை இறக்கவும் வழியிராது. நிலைமாற்றிக்குப் பக்க இணைப்பில் ஒரு டையோடைச் சேர்த்தால், எதிர்த்திசை மின்னோட்டம் மட்டும் அதன் வழியே பாய்ந்து கொக்கி இறங்கும்.

மின்காந்தம்

12 வோல்ட்டில் இயங்கும் 60 ஓம் சுருள் 0.2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்து 2.4 வாட்டு வெப்பத்தை வெளியிடும். விரல்நுனி அளவுள்ள சுருளுக்கு இது மிகுதி. அணைக்க மறந்தால் அருகிலுள்ள நெகிழி உருகக்கூடும். இரும்பு ஒட்டிய பின் இடைவெளி இன்மையால் குறைந்த மின்னோட்டமே சுமையைப் பிடித்திருக்கப் போதுமானது. நெகிழியாலான சரக்குப் பெட்டிகளைத் தூக்க வேண்டுமாயின், அவற்றின் கூரையின் உட்புறத்தில் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டப்படும். மின்காந்தத்தை அணைக்கும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் டிகோடரைப் பழுதாக்காதிருக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு அவசியம்.