வகுப்பறை, வைத்தியசாலை, மைதானம்: ஸ்காபரோத் தமிழரின் நாற்பது ஆண்டுகள்

ஒரு சமூகம் தன்னைப் பற்றி மேடையில் சொல்லிக்கொள்வதை வைத்து அதன் வரலாற்றை எழுதிவிட முடியாது. அதன் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், பெரியவர்களை எந்த நோய் வருத்துகிறது, சனிக்கிழமை மைதானத்தில் இறங்குவோர் யார், கரையில் நின்று பார்ப்போர் யார் என்று கேட்டால் உண்மை துலங்கும். கோயில்களும் கொண்டாட்ட மண்டபங்களும் நாம் எப்படித் தோன்ற விரும்புகிறோம் என்பதைக் காட்டுவன. கல்வி, உடல்நலம், விளையாட்டு ஆகிய மூன்றும் நாம் எப்படி இருக்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்காபரோவில் நாம் வேரூன்றிய நாற்பது ஆண்டுகளை இம்மூன்றின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரிலிருந்து கொண்டுவந்தவை

யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றும் ஏறத்தாழ ஒரே வளவுக்குள் வளர்ந்தவை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், மறு ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். 1847இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவமனை நிறுவினார். பின்னர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். அதே 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். கல்லூரி முற்றங்களுக்குத் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் வந்தன. மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904 முதல் நடந்துவருகிறது.

ஆயினும் மூன்றுக்கும் ஒரே மதிப்பு இருக்கவில்லை. வேறு வளம் குறைந்த மண்ணில், அரச உத்தியோகத்துக்கு ஏற்றிவிடும் ஏணி படிப்பு ஒன்றே. அந்த ஏணியிலும் 1971இல் கை வைக்கப்பட்டது. பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலின்படி மருத்துவபீடம் புகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டவர்களின் நெஞ்சில் இந்தக் கணக்கும் இருந்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். கனடாவில் கால்வைத்ததும் நம்மவர் பலர் முதலில் விசாரித்தது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத்தான்.

படிப்பு: ஏணியும் அதற்கப்பாலும்

இங்கே தரப்படுத்தல் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வாசல் இருந்தது. ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை ‘அக்கடமிக்’, ‘அப்ளைட்’ என்று இரு பிரிவாக்கினார்கள். ‘அப்ளைட்’ பாதையில் போன பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும் என்பது இரவு வேலையும் பகல் வேலையும் பார்த்த பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. பாடசாலை அனுப்பிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கணிதத்தில் 2021இலும் ஏனைய பாடங்களில் 2022இலும்தான் மாகாணம் அந்தப் பிரிப்பைக் கைவிட்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இளைஞர் குழு மோதல்கள் நம் பெயரைப் பத்திரிகைகளில் கெடுத்தபோது, இளைஞர்களே கூடி 1998இல் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையத்தைத் தொடங்கினர். படிப்பைத் தவறவிட்ட பிள்ளையைக் கண்டிப்பதோடு நின்றுவிடாமல் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே அமைப்பாக வடிவெடுத்தது அப்போதுதான். பின்னர் பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த சமூகம் கல்விச்சபைக்கே ஆட்களை அனுப்பியது. 2014இல் பார்த்தி கந்தவேள், 2018இல் யாழினி ராஜகுலசிங்கம், அனு சிறீஸ்கந்தராஜா ஆகியோர் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபைக்குத் தெரிவாயினர்.

2021இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென முப்பது இலட்சம் டொலர் சேர்ந்து முடிந்தது. உத்தியோகத்துக்காக மட்டுமே படித்த ஒரு சமூகம், உத்தியோகம் தராத ஒரு துறைக்குத் தன் உழைப்பைக் கொடுத்தது பெரிய மாற்றம். கேள்வி ஒன்றும் எஞ்சுகிறது. அந்த நிதிக்கு உதவிய பெற்றோரில் எத்தனை பேர் தம் பிள்ளை வரலாறோ இலக்கியமோ படிக்கப் போகிறேன் என்றால் மனம் கோணாமல் விடுவார்கள்?

உடல்நலம்: காயத்திலிருந்து சீனிக்கு

ஸ்காபரோவின் மருத்துவமனைகள் நமக்கு முன்பே இருந்தவை. ஜெனரல் 1956இலும், சென்ரினரி 1967இலும், இன்று பேர்ச்மவுண்ட் எனப்படும் கிறேஸ் 1985இலும் திறக்கப்பட்டன. அவற்றில் நம்மவர் முதலில் நுழைந்தது நோயாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும். கொழும்பிலோ, 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடத்திலோ பட்டம் பெற்றவர்களுக்கும் இங்கே பயிற்சி இடம் எளிதில் கிடைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். இன்று அதே மருத்துவமனைகளில் தாதியராகவும் மருத்துவராகவும் தமிழ்ப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. 2022இல் ஸ்காபரோ வளாகத்தில் மருத்துவக் கல்வியகம் அமைக்க மாகாண அரசு முடிவுசெய்ததும் இந்தப் பகுதியின் மாற்றத்துக்கு ஒரு சான்று.

நோயும் மாறிவிட்டது. முதல் தலைமுறை கொண்டுவந்தது ஷெல் துண்டும் தூக்கமின்மையும். மோர்ட்டன் பீசரும் துணை ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ரொறன்ரோத் தமிழர் பற்றிய ஆய்வு, ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்குப் போர்வடுவினால் வந்த மனநெருக்கீடு இருந்ததையும், அவர்களில் மிகச் சிலரே சிகிச்சை நாடியதையும் காட்டியது. ‘விசர்’ என்று பெயர் வந்துவிடும், பிள்ளைகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற அச்சமே காரணம். இன்று தமிழ் வானொலியில் மனநல மருத்துவரிடம் நேயர்கள் பெயர் சொல்லாமலாவது கேள்வி கேட்கிறார்கள். அச்சம் தணிந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

இரண்டாவது அலை சீனி. ஒன்ராறியோவில் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வெள்ளையருக்கு உடல் நிறைச் சுட்டெண் 30ஐத் தொடும்போது வரும் நீரிழிவு ஆபத்து தெற்காசியருக்கு 24லேயே வந்துவிடுகிறது. அதாவது ‘ஆள் மெலிவுதானே’ என்று நாம் சொல்லுகிறவருக்கே இரத்தத்தில் சீனி கூடியிருக்கலாம். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, மாறி மாறி வரும் வேலை நேரம், நள்ளிரவில் கொத்துரொட்டி, ஆறு மாதக் குளிர் எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டுகின்றன. கனடாவின் மிகப் பெரிய சிறுநீரகச் சிகிச்சைத் திட்டங்களுள் ஒன்று ஸ்காபரோவில் இயங்குவது தற்செயல் அல்ல.

மாற்றத்தைக் கண்ணால் காண விரும்புவோர் மாரிகாலக் காலையொன்றில் ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குப் போகலாம். கடைகள் திறக்குமுன், சேலைக்கு மேல் தடித்த ஜக்கெற்றும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக அம்மாமார் இருவர் மூவராக நடக்கிறார்கள். ஊரில் முற்றம் கூட்டுவதும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் தேகாப்பியாசம் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே மருத்துவர் சொன்ன அரைமணி நேர நடை, பேரப்பிள்ளை பார்க்க வந்து வீட்டுக்குள் முடங்கிய பெண்களுக்குத் தங்களுக்கென்று கிடைத்த முதல் நேரமாகவும் ஆகியிருக்கிறது.

விளையாட்டு: நாம் ஒப்புக்கொள்ளாதது

படிப்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் நாம் பேசிப் பழகிவிட்டோம். விளையாட்டை முக்கியம் என்று கருதாததால் அதில் எதையும் மறைப்பதுமில்லை. ஆகவே மூன்றிலும் மெய்யான சாட்சி அதுவே.

கோடை வந்தால் பழைய மாணவர் சங்கங்களின் போட்டிகள். பாடசாலை நிறத்தில் கூடாரங்கள், ஒரு மூலையில் ‘ஓவர்கேம்’ கரப்பந்தாட்டம், இன்னொரு மூலையில் வலைப்பந்தாட்டம், நிழலில் கரம்போட். புள்ளி எழுதிக்கொண்டிருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர், உயர்தரப் பாடசாலையை முடிக்கத் தேவையான 40 மணி நேரத் தொண்டை அங்கேயே நிறைவுசெய்கிறார்கள். இந்தக் கூடல் அழகானது. ஆனால் அணி பிரிவது எந்தப் பாடசாலை, எந்த ஊர் என்பதை வைத்துத்தான். அந்தக் கேள்விக்குள் கேட்கப்படாத வேறு சில கேள்விகளும் ஒளிந்திருக்கும். ஊரைக் காணாத பிள்ளைக்கு அந்தக் கோடு விளங்குவதில்லை. அவன் சேர்வது கூடைப்பந்தாட்டத்தில், யமேக்கப் பிள்ளையும் பிலிப்பைன்ஸ் பிள்ளையும் இருக்கும் அணியில்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. எட்டாம் வகுப்புவரை ஓடியவளை ‘இனிப் படிப்பைப் பார்’ என்று நிறுத்தும் வீடுகள் இன்றும் உள்ளன; அவளுடைய அண்ணனுக்கு அதே சொல் இரண்டு ஆண்டு பிந்தித்தான் வரும். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். சஞ்சயன் துரைசிங்கம் 2003 உலகக் கிண்ணத்தில் கனடாவுக்காகத் துடுப்பாட்டம் ஆடியவர். முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை.

வசதியும் குறைவில்லை. 2014இல் திறக்கப்பட்ட பான் அம் விளையாட்டு நிலையம் ஸ்காபரோ வளாகத்தோடே இருக்கிறது. 50 மீற்றர் நீச்சல் தடாகங்கள் இரண்டு. மாணவர்கள் 2010இல் வாக்களித்துத் தங்கள் கட்டணத்திலிருந்து மூன்று கோடி டொலர் தர ஒப்புக்கொண்டதும் அது எழக் காரணமாயிற்று. ஆனால் நகரசபையின் நீச்சல் வகுப்புக்குப் பதிவு தொடங்கும் காலை ஏழு மணிக்குக் கணினியின் முன் இருப்பவருக்கே இடம். சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் தொழிற்சாலை வேலை முடிந்து பேருந்தில் வருகிற தாயின் பிள்ளை நீந்தப் பழகாமலே வளர்கிறது.

செய்யவேண்டியது

படிப்பில் நாம் விரைந்து மாறினோம். நோய் வந்த பிறகு உடல்நலத்தில் மாறினோம். விளையாட்டில் பிள்ளைகள் மாறினார்கள், பெரியவர்கள் இன்னும் கரையில் நிற்கிறோம். இந்த மூன்றும் தனித்தனியே அல்ல. பதின்ம வயதில் மைதானத்தை விட்ட பெண்ணே நாற்பதில் சீனிக் குளிசை எடுக்கிறாள்.

ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் அமைக்கக் கூட்டாட்சி, மாகாண அரசுகள் 2021இல் இரண்டரைக் கோடி டொலருக்கு மேல் அறிவித்தன. அதன் நேர அட்டவணையை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் நாள் குறிக்குமுன், வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கும், ஒவ்வொரு காலையையும் மூத்தோரின் நடைக்கும் ஒதுக்கிவிடுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த கோடையில் ஒரு போட்டியையாவது பாடசாலைப் பெயர் இல்லாமல் நடத்திப் பார்க்கட்டும். நகரசபைப் பதிவு நாளன்று காலை ஏழு மணிக்குக் கணினியோடு உட்கார்ந்து, அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் பதிய ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். இதை வாசிப்பவர்களில் அந்த இரண்டு பேர் நிச்சயம் இருக்கிறார்கள்.