மேஸ்திரி, லேபர் ஆபீசர், எச்.ஆர். - நடுவில் சமுதாயக் கல்லூரி

மதுரையில் யாரிடமாவது "சமுதாயக் கல்லூரி"ன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி "எந்தச் சமுதாயத்துக்கு?" என்றுதான் வரும். நம்ம ஊரில் சமுதாயம் என்றால் சாதி, கம்யூனிட்டி என்றால் தாசில்தார் கொடுக்கும் சர்டிபிகேட். இந்தப் பெயரை மொழிபெயர்த்தவர்கள் மதுரைப் பக்கம் வந்து ஒரு டீ குடித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள் :-)

ஒரு தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் (பிற்பாடு அதற்கு எச்.ஆர். என்று போர்டு மாற்றினார்கள், நாற்காலி அதேதான்) ரொம்ப வருஷம் குப்பை கொட்டியவன் நான். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு, இந்த மாதிரிக் கல்லூரியில் படித்தவர்களை எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. பதில் தேடப் போனால் கதை மதுரா மில்ஸ் வரைக்கும் பின்னால் போகிறது.

முதலில் கல்லூரியின் கதை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஒரு ஜூனியர் காலேஜ் ஆரம்பித்தது. 1947-ல் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் கமிஷன் "கம்யூனிட்டி காலேஜ்" என்ற பெயரைப் பரப்பிவிட்டது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்க வந்த நேரம். இங்கே வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது, 1996-ல் சென்னையில் சென்னை-மயிலை மறைமாவட்டம் இன்னொன்று. இந்த யோசனையை ஊர் ஊராகச் சுமந்தவர் சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார். 1999-ல் இதற்கென்றே சென்னையில் ஒரு ஆய்வு மையம் வந்தது. அப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

சேருகிறவர்கள் யார்? ப்ளஸ் டூவில் கோட்டை விட்டவன், பத்தாவதோடு நின்றவள், கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஏதாவது படிக்கலாமே என்று வரும் அக்கா. வயசு கேட்பதில்லை, மார்க் கேட்பதில்லை. பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு. அதில் பாடத்திட்டத்தை வகுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் வாழ்க்கைத் திறன். அதாவது பேசுவது, நேரம் பார்ப்பது, பேங்க் ஃபாரம் நிரப்புவது, கோபத்தை அடக்குவது. அப்புறம் தொழில் திறன். அப்புறம் சில வாரங்கள் ஒரு நிஜமான வேலை இடத்தில் பயிற்சி. கடைசியில் வேலைக்குத் தயார் செய்வது. ஏ.சி. மெக்கானிக், கேட்டரிங், ஆஸ்பத்திரி உதவியாளர், நர்சரி டீச்சர் என்று உள்ளூரில் எதற்குத் தேவை உண்டோ அந்தப் படிப்பு.

சரி, படித்தாச்சு. யார் எடுப்பது?

இங்கேதான் மில்லுக்கு வரணும். 1890-களில் ஹார்வி கம்பெனி மதுரையில் மில் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் இந்திய மில்கள் எல்லாவற்றிலும் ஆள் எடுப்பவர் மேஸ்திரி. துரைக்குத் தொழிலாளியின் முகம் தெரியாது. மேஸ்திரிக்கு மாமூல் கொடுத்தவன் உள்ளே, கொடுக்காதவன் கேட்டுக்கு வெளியே. கொடுத்தவனும் பாதி நாள் பதிலிதான். படிப்பாவது, தகுதியாவது!

இதை விட்லி கமிஷன் விசாரித்தது. 1929-ல் நியமித்த அந்தக் கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி, மேனேஜருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட லேபர் ஆபீசரிடம் கொடுங்கள் என்றது. நம்ம எச்.ஆர். மேனேஜருக்குக் கொள்ளுத்தாத்தா இந்த லேபர் ஆபீசர்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது. உடனே அதற்குப் படித்த ஆள் தேவைப்பட்டது. 1936-ல் பம்பாயில் டாடா பள்ளி, 1952-ல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி, 1960-களில் மதுரை அழகர்கோவில் ரோட்டில் சமூக அறிவியல் கல்லூரி. மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கம் ஆலைகளில் எத்தனையோ பர்சனல் ஆபீசர்கள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள்தான். கிராமத்துக்குப் போய் முகாம் போட்டு, குடும்பம் குடும்பமாகப் பேசிப் பழகிய படிப்பு அது. நியாயமாகப் பார்த்தால் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் இவர்களே.

அப்படி நடக்கவில்லை. ஏன்னு கேட்டா, வேலையில் சேர்ந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த பயிற்சி வேற. நான் போய் உட்கார்ந்த வகுப்புகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., உள்விசாரணை நடத்துவது எப்படி, சார்ஜ் ஷீட் எழுதுவது எப்படி, இதுதான். மத்தியானம் நல்ல சாப்பாடு, பிரமாதமான பாயசம். ஆள் எடுப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினால், அதில் முக்கால் மணி இன்ஜினியரிங் கல்லூரி கேம்பஸ் பற்றித்தான்.

ஐ.டி.ஐ. பையனை மட்டும் எல்லா எச்.ஆருக்கும் தெரிகிறதே, எப்படி? பாசம் இல்லீங்க, சட்டம். 1961 அப்ரண்டிஸ் சட்டம் தொழிற்சாலைகளை இத்தனை பேர் எடுத்தே ஆகணும் என்று உட்கார வைத்தது. 1973-ல் பட்டம், பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தவர்களும் சேர்ந்தார்கள், 1986-ல் ப்ளஸ் டூ தொழிற்பிரிவும். வருஷா வருஷம் எடுத்து எடுத்து, ஃபிட்டர் என்றால் என்ன தெரியும், டர்னர் என்றால் என்ன தெரியும் என்று எங்களுக்கே பழகிவிட்டது. சட்டம் எங்களைத்தான் பயிற்றுவித்தது என்பேன். சமுதாயக் கல்லூரி பிறந்தபோது அதற்கு அப்படி ஒரு சட்டத் துணை இல்லை.

இன்னொரு தொல்லை "டிப்ளமோ" என்ற வார்த்தை. கே.புதூர் எஸ்டேட்டிலோ கப்பலூரிலோ அந்த வார்த்தையைச் சொன்னால் மூன்று வருஷ பாலிடெக்னிக் என்றுதான் அர்த்தம். ஒரு வருஷ டிப்ளமோ என்று ஒருவன் விண்ணப்பம் கொடுத்தால், "ஏதோ டுபாக்கூர்" என்ற சந்தேகம் வரும்.

நான் பார்த்த ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கம். ஒரு வருஷம் ஏ.சி. மெக்கானிக் படித்துவிட்டு எங்கள் மெயின்டெனன்ஸில் பயிற்சிக்கு வந்தான். சூப்பர்வைசருக்கு அவனை விட மனசில்லை, "அண்ணே, கை சுத்தம்ணே, இவனையே போட்டுருங்க" என்று என்னிடம் வந்து நின்றார். நான் பரிந்துரை எழுதி மேலே அனுப்பினேன். ஃபாரத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், டிகிரி என்று மூன்றே கட்டம்தான், இவனுக்குக் கட்டம் இல்லை என்று திரும்பி வந்தது. அப்புறம் என்ன ஆச்சு? அதே பையன், அதே மெஷினுக்கு, கான்ட்ராக்டர் மூலமாக உள்ளே வந்தான், குறைஞ்ச சம்பளத்தில். விட்லி கமிஷன் வெளியே அனுப்பச் சொன்ன மேஸ்திரி, லெட்டர் பேடு அடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டார், அவ்வளவுதான். ஒரு கட்டம் இல்லாததற்கு விலை, அந்தப் பையனின் பி.எஃப்., போனஸ், நிரந்தரம் எல்லாம்.

டெல்லி பக்கமிருந்தும் முயற்சி வந்தது. 2009-ல் இக்னோ பெரிய அளவில் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஆரம்பித்தது, சில வருஷத்தில் அது நின்று போனது. 2013-ல் யு.ஜி.சி. தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொழில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடணும், பாடத்திட்டம் வகுக்கும்போது அவர்களும் உட்காரணும் என்றது விதி. நல்ல விதி. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் ஜெனரல் மேனேஜர், விண்ணப்பத்தைக் கழிப்பவர் எச்.ஆரில் நேற்றுச் சேர்ந்த எக்ஸிக்யூட்டிவ். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை.

எச்.ஆருக்கு இதில் பயிற்சி என்றால் என்ன கொடுக்கலாம்? என்னைக் கேட்டால் ஹோட்டல் ஹாலும் ப்ரொஜெக்டரும் வேண்டாம். ஒரு நாள் அந்தக் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் போய் நிற்கட்டும். பாடத்திட்டத்தை வாங்கி, தன் கம்பெனியில் உள்ள வேலைகளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" கேட்பதை விட்டு, கையில் ஸ்பேனரைக் கொடுத்துச் செய்யச் சொல்லட்டும், தமிழிலேயே கேட்கட்டும். பயிற்சிக் காலத்தில் கூட இருந்த சூப்பர்வைசரிடம் நாலு வார்த்தை கேட்டு, அதை மார்க் ஷீட்டுக்குச் சமமாக ஃபைலில் வைக்கட்டும். முக்கியமாக, ஃபாரத்தில் அந்த நாலாவது கட்டம்.

மார்க்கெட்டே சில விஷயங்களை மாற்றியிருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. 2014-ல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தி, கூடுதல் படிப்புகளுக்கும் தொழில்களுக்கும் கதவைத் திறந்தார்கள். 2019 விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்கணும். எச்.சி.எல். 2017-ல் டெக்பீ என்று ஒரு திட்டம் தொடங்கி, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை நேரடியாக எடுத்துப் பழக்க ஆரம்பித்தது. டிகிரி இல்லாமல் ஐ.டி.யா என்று வாயைப் பிளந்தவர்கள் இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். 2022-ல் தமிழக அரசு நான் முதல்வன் கொண்டுவந்தது, அதிலும் மாணவர்களுக்குத்தான் பயிற்சி. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வகுப்பு இன்னும் பாக்கி.

உசிலம்பட்டிப் பையன் கான்ட்ராக்டில் மூணு வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாக ஏ.சி. சர்வீஸ் ஆரம்பித்தான். எங்கள் சூப்பர்வைசர் வீட்டு ஏ.சி.யையும் அவன்தான் பார்க்கிறான் என்று கேள்வி. அந்த ஃபாரத்தில் நாலாவது கட்டம் நான் ரிடையர் ஆகும் வரைக்கும் வரவில்லை.